மாமாவின் பெயரில் ஒரு பனியாறு

"தை, இரண்டாம் வெள்ளி. அக்கா வீடு. கல்லில் என்ன வெட்டியிருக்கிறார்கள் என்று மதியம்தான் தெரிந்தது. பொய்."

என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இருப்பது இவ்வளவுதான். வழக்கமாக ஒரு பக்கத்துக்குக் குறைய எழுத மாட்டேன். மழை எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தக் கடையில் என்ன புத்தகம் வாங்கினேன், யார் வீட்டுக் கல்யாணத்தில் யாரைப் பார்த்தேன் என்று எல்லாம் இருக்கும். அன்று நான்கு வரிக்கு மேல் ஓடவில்லை. அவ்வளவு கோபம்.

அக்கா கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்குள் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிட்டவர், இறந்து சில வருஷம் ஆகிறது. அவர்களுடைய குலதெய்வக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து புதிதாக மண்டபம் கட்டினார்கள். மண்டபத்துச் சுவரில் பதிப்பதற்குப் பளபளவென்று ஒரு கருங்கல் பலகை. குலத்துக்குப் பெருமை சேர்த்தவர்கள் என்று தலைப்பு. அதில் மாமாவின் பெயருக்குக் கீழே ஒரு வரி: "தென் துருவத்தில் ஒரு பனியாறு இவர் பெயரால் அழைக்கப்படுகிறது."

கல் பட்டறையில் எடுத்த போட்டோ அக்காவின் செல்போனுக்கு வந்திருந்தது. என்னை உடனே வரச் சொன்னாள். பீளமேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். சாப்பிடச் சொல்லவில்லை. போனை நீட்டினாள்.

"நெசமா தம்பி?"

"இல்லக்கா."

"அப்ப எடுக்கச் சொல்லு. அவரைப் பொய்க்காரரு ஆக்கிப்போட்டு நான் எப்புடி அந்தக் கோயலுக்குப் போறது?"

அவள் அந்தச் சொல்லைச் சும்மா சொல்லவில்லை. பொய்க்காரர் என்ற பெயரை மாமா உயிரோடு இருந்தபோதே வாங்கியிருந்தார். அதுவும் உண்மையைச் சொன்னதற்கு.

மாமா ராணுவ ஒர்க்‌ஷாப்பில் வண்டி மெக்கானிக். நம் நாடு தென் துருவத்தில் வைத்திருக்கும் நிலையத்துக்கு வருஷா வருஷம் ஒரு குழு போகும். விஞ்ஞானிகளோடு சமையல்காரர், டாக்டர், ஜெனரேட்டர் பார்ப்பவர், சங்கிலிப் பட்டை போட்ட வண்டிகளை ஓட்டிப் பழுது பார்ப்பவர் என்று எல்லாரும் போவார்கள். அப்படி ஒரு முறை மாமா போனார். அங்கேயே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வந்தார். திரும்பி வரும்போது இடது கையில் இரண்டு விரல் நுனிகளுக்கு உணர்ச்சி போயிருந்தது. தோசைக் கல்லைத் தொட்டால்கூடத் தெரியாது என்று அக்கா சொல்வாள்.

அங்கே அவர் பார்த்ததில் அவரை விடாமல் பிடித்துக்கொண்டது பனியாறுதான். பெய்த பிறகும் உருகாமல், வருஷக் கணக்கில் விழுந்த பனி அழுந்தி அழுந்திக் கட்டியாகி, தன் எடையாலேயே கடலைப் பார்த்து நகர்கிற ஆறு. நின்று பார்த்தால் நகர்வது தெரியாது. குழுவில் இருந்த ஒரு விஞ்ஞானிக்கு உதவியாக மாமா அதன் குறுக்கே ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நேர்கோடாகக் கம்புகள் நட்டார். அடுத்த கோடையில் போய்ப் பார்த்தால் கோடு வளைந்திருந்தது. ஓரத்துக் கம்புகள் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றன. நடுக் கம்புகள் முன்னே போயிருந்தன. வாய்க்காலில் தண்ணீர் ஓரத்தில் மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் போகிற மாதிரியே அதுவும் போகிறது என்று மாமா சொன்னார். வாய்க்காலில் மடை திருப்பி வளர்ந்த மனிதருக்கு அதைப் புரிந்துகொள்ள யாரும் பாடம் நடத்தவில்லை.

ஊர் வந்த புதிதில் ஒரு கல்யாணப் பந்தியில் இதைப் பங்காளிகளிடம் சொன்னார். நானும் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஐஸ் கட்டி நடக்குதா, காலு எத்தனை, மாமியார் ஊட்டுக்குப் போகுதா என்று ஆரம்பித்தார்கள். ராணுவத்தில் கிடைக்கிற பாட்டிலின் வேலை என்று ஒருவர் முடித்துவைத்தார். மாமா குடிக்காதவர். அன்றைக்கு அவருக்கு 'ஐஸு' என்று பட்டப்பெயர் வைத்தவர் அவருடைய சித்தப்பா மகன். பிறகு அந்தப் பெயர்தான் நிலைத்தது. ஐஸு வந்துட்டாப்ல, ஐஸு போறாப்ல. மாமா பங்காளிகள் நடுவே அந்தப் பேச்சை எடுப்பதையே விட்டுவிட்டார். அக்காவிடம் மட்டும் சொல்வார்.

அந்தச் சித்தப்பா மகன் இன்று பம்ப் கம்பெனி முதலாளி, கோயில் கமிட்டித் தலைவர். எங்கள் பக்கத்தில் ஆளை அவர் குடியிருக்கும் தோட்டத்தின் பெயரைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுவோம். வடக்காலத் தோட்டத்தார், கிணத்துக்காட்டார், பள்ளத்துத் தோட்டத்தார். பெயர் நிலத்துக்கு முதலில். ஆள் அதைக் கடன் வாங்கிக்கொள்கிறார். இவர் புளியந்தோட்டத்துக்காரர். இப்போதெல்லாம் அப்படிக் கூப்பிட்டால் அவருக்குப் பிடிப்பதில்லை. அதனாலேயே இந்தக் கட்டுரை முழுக்க அப்படித்தான் எழுதப் போகிறேன்.

என் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கும்பாபிஷேக மலருக்கு மாமாவைப் பற்றி எழுதித் தரும்படி என்னிடம்தான் கேட்டார்கள். தேதி தப்பாமல் எழுதுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. மெஷின் கம்பெனி வரைபடப் பிரிவில் வேலை பார்த்துப் பழகிய புத்தி. கப்பல் எந்த மாதம் கிளம்பியது, எப்போது திரும்பியது, மாமா என்ன வேலை செய்தார், கம்புகள் எப்படி வளைந்தன என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அந்த இரண்டு பக்கத்தில் இல்லாத ஒரே ஒரு வரியைத் தேடிப் பிடித்துக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று தேடினேன். புளியந்தோட்டத்துக்காரரின் மருமகன் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறார். இணையத்தில் உலக வரைபடம் ஒன்று இருக்கிறதே, நம் ஊர் டீக்கடையைக்கூட யார் வேண்டுமானாலும் குறித்து வைக்கலாமே, அதில் தென் துருவத்தை எடுத்து, பார்க்க அழகாக இருந்த ஒரு பனியாற்றின் மேல் மாமாவின் பெயரைப் போட்டிருக்கிறார். மாமனாரைச் சந்தோஷப்படுத்த. அதைப் படம் எடுத்துக் குலத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கைகூப்பும் படங்கள் மளமளவென்று வந்து விழுந்தன. மறுவாரம் அது ஃபிளெக்ஸ் பேனர். அதற்கடுத்து கல்.

நான் அந்த இடத்தைப் பார்த்தேன். மாமா இருந்த நிலையம் ஒரு கரையில். அவர் பெயரை ஒட்டிய பனியாறு அந்தக் கண்டத்தின் மறு கரையில். கிணத்துக்கடவில் தென்னை வைத்தவருக்கு ஜம்முவில் ஒரு தோப்பை எழுதிவைத்த மாதிரி. தூரம் அதைவிட அதிகம். மாமா அதைப் பார்த்ததே இல்லை. அவரோடு போன யாரும் பார்த்திருக்க வழியில்லை.

அந்தப் பனியாற்றுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. அந்தக் கண்டத்தில் ஊரும் இல்லை, ஊர்க்காரரும் இல்லை. அதனால் ஒவ்வொரு நாடும் ஒரு பெயர்க் குழு வைத்துக்கொண்டு தன் இஷ்டத்துக்குப் பெயர் சூட்டுகிறது. ஒரே பனியாற்றுக்கு ஒரு நாடு ஒரு பெயரும் இன்னொரு நாடு இன்னொரு பெயரும் வைத்திருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பொதுவான பெயர்த் தொகுப்பு ஒன்று இருக்கிறது. இணையத்தில் யாரும் பார்க்கலாம். பெயருக்கு எதிரே அது எங்கே இருக்கிறது, யார் நினைவாக வைத்தது என்று ஓரிரு வரி இருக்கும். பல மாலைகள் அதைப் படித்தேன். படிக்கப் படிக்க அங்கேயும் கோபம்தான் வந்தது. பயணத்துக்குப் பணம் கொடுத்த பணக்காரர்கள், மந்திரிகள், அந்தக் குளிரில் ஒரு நாள்கூட நிற்காத அதிகாரிகள். விமானத்திலிருந்து எடுத்த போட்டோவை மேஜையில் விரித்துவைத்துப் பெயர் போட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும்: குளிர்காலம் முழுக்க அங்கே தங்கிச் சமைத்தவர்கள், வண்டி பார்த்தவர்கள் பெயரிலும் பனியாறுகள் இருக்கின்றன. மெக்கானிக் பெயரை வைக்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. முறையாக எழுதிக் கேட்டிருக்கலாம். கிடைக்காமல் போயிருக்கலாம். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் காகிதத்தில் அச்செடுத்துக்கொண்டு புளியந்தோட்டத்துக்காரரைப் பார்க்கக் கம்பெனிக்குப் போனேன். வாசல் வரை வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். காபி வந்தது. சர்க்கரை குறைவாகவா என்று கேட்டுத்தான் வந்தது. வெளியூர்க்காரர்கள் எங்கள் பேச்சின் மரியாதையைப் பற்றிப் புகழ்ந்து சொல்லும்போதெல்லாம் நான் பேசாமல் இருந்துவிடுவேன். அந்த மரியாதையைத் தலையணை மாதிரி ஒருவர் முகத்தில் வைத்து அழுத்தவும் முடியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

காகிதங்களை அவர் தொடவில்லை. ஜன்னலைக் காட்டினார்.

"ஏனுங்க மச்சான், வெளிய பஸ் ஸ்டாப்புப் பேரு என்னுங்க?"

அவருடைய கம்பெனியின் பெயரைச் சொன்னேன்.

"அரசாங்கம் வெச்சதுங்களா?"

"இல்லீங்க."

"முன்னால வேப்பமரத்து ஸ்டாப்புன்னு இருந்துச்சு. நான் நெழற்கொடை கட்டி போர்டு வெச்சேன். கண்டக்டரு அதைப் பாத்துக் கூப்புட்டாப்ல. இப்ப டிக்கெட்டுலயே அந்தப் பேருதானுங்க வருது. பேருங்கறது அவ்வளவுதானுங்க."

"அங்க கண்டக்டர் இல்லீங்களே."

வயிறு குலுங்கச் சிரித்தார். "அதையேதானுங்க மச்சான் நானும் சொல்லறேன். யாரு போயிப் பாக்கப்போறா?"

இதில் வேதனை என்னவென்றால் அவர் சொன்னது எங்கள் ஊர்ப்பக்கத்தைப் பொறுத்தவரை சரி. இங்கே இடத்துக்குப் பெயர் அப்படித்தான் வருகிறது. தோட்டத்துப் பெயர்கள் யாரும் வைக்காமல் வந்தவை. கிணறு இருந்தது, புளி இருந்தது, பள்ளம் இருந்தது. பிறகு மில் வந்தது, கம்பெனி வந்தது, போர்டு வந்தது. சாலையை அகலப்படுத்த வேப்பமரத்தை வெட்டிய பிறகு அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. ஒரு போர்டு, அதைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு குரல், கொஞ்ச வருஷம். அந்த வழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் பனிக்கண்டத்தில் நட்டுவிட்டார். மருமகன் போட்டது போர்டு. குலத்து வாட்ஸ்அப் குழு கண்டக்டர். அவர் மனசில் அது பொய்யே இல்லை. கொஞ்சம் சீக்கிரமாகச் சொன்ன உண்மை.

அக்காவுக்கு இதில் விருப்பம் இல்லை என்றேன். நங்கைகிட்ட நான் பேசிக்கறேனுங்க என்றார். நங்கை என்றால் அண்ணி. கல்லில் பெயர் வருவதென்றால் பெண்களுக்கு ஒரு கூச்சம் இருக்கத்தான் செய்யும் என்றும் சொன்னார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். அந்த நிழற்குடையில் உட்காரப் பிடிக்காமல் வெயிலில் நின்று பஸ் பிடித்தேன்.

அவர் அக்காவிடம் வந்து பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கமிட்டிக் கூட்டம் என்று தெரிந்து அக்காவே கிளம்பினாள். நானும் கூடப் போனேன். நான் அந்தக் குலம் இல்லை. பெண் கொடுத்த வீட்டுக்காரன். கமிட்டியில் எனக்கு வாய் கிடையாது. பெண்களும் அங்கே பேசுவதில்லை. சாமி கும்பிட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்து காய் நறுக்குவார்கள். அக்கா காய் நறுக்கும் இடத்தைத் தாண்டிப் போய் ஆண்கள் உட்கார்ந்திருந்த ஜமக்காளத்தின் ஓரத்தில் நின்றாள். யாரோ நாற்காலி கொண்டுவரச் சொன்னார்கள். உட்காரவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டாள். குரல் உயரவே இல்லை.

எல்லாரும் ஒரே நேரத்தில் சமாதானம் சொன்னார்கள். போட்டோ எல்லாருக்கும் போய்விட்டது, துபாயில் இருக்கிறவர்கள்கூடப் பார்த்துவிட்டார்கள், இப்போது எடுத்தால் குலத்துக்கே அசிங்கம். குலத்துக்கு அசிங்கம் என்று ஒருவர் சொன்னதும் மற்ற எல்லாருக்கும் அது நல்ல காரணமாகப் பட்டது. நான் எழுதிக் கொடுத்த பக்கங்களிலிருந்து வேறு ஒரு வரி போடலாமே என்று அக்கா கேட்டாள். அவர் அங்கே குளிர்காலம் முழுக்க இருந்து வண்டி பார்த்தார், அதைப் போடுங்கள் என்றாள்.

புளியந்தோட்டத்துக்காரர் மிகவும் தணிவாக, அவளுக்காக வருத்தப்படுகிற குரலில் சொன்னார்:

"வண்டி மெக்கானிக்குன்னு கல்லுலயாங்க நங்கை வெட்டறது?"

இந்த வாக்கியத்தை எழுதும்போது இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. அந்த ஆள் தன் வாழ்நாளெல்லாம் மோட்டார் விற்றுச் சம்பாதித்தவர். அவர் கம்பெனி ஓடுவதே மெக்கானிக்குகளால்தான். குளிர் நடுக்கும் இருட்டில், மாதக் கணக்கில் சூரியன் வராத இடத்தில், ஜெனரேட்டரும் வண்டியும் நின்றால் மொத்தக் குழுவும் செத்துப்போகும் என்ற நிலையில் மாமா ஸ்பானர் பிடித்திருக்கிறார். அது கல்லுக்குத் தகுதி இல்லையாம். அவர் பார்க்காத பனியாறு தகுதியாம்.

அக்கா சொன்னாள்:

"கம்பு வளைஞ்சதை அவரு சொன்னப்ப, அவருக்கு ஐஸுன்னு பேரு வெச்சீங்க. இப்ப ஐஸுக்கு அவரு பேர வெச்சிருக்கீங்க. ரெண்டும் எங்களக் கேக்காம வெச்சதுங்க. கல்லுல அவரு பேரே வேண்டாமுங்க. எடுத்துப்போடுங்க."

காய் நறுக்கும் சத்தம் நின்றிருந்தது. புளியந்தோட்டத்துக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா காத்திருக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். பஸ் நிறுத்தம் வரை நான்தான் பேசிக்கொண்டே வந்தேன், அவள் இல்லை. பெயரை எதற்கு விட்டுக்கொடுத்தாய், வரியை மட்டும் கேட்டிருக்கலாமே என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவள் மேலேயே கோபப்பட்டேன் என்பதைப் பதிவு செய்ய வேண்டும்.

"வரியத்தானே தம்பி கேட்டேன். காதுல உழுந்துச்சா உனக்கு, அவங்க சொன்னது?" என்றாள். அதற்கு மேல் அந்த விஷயமாக அவளுக்கும் எனக்கும் வாக்குவாதம் இல்லை.

ஒரு மனைவி வந்து நின்று தன் புருஷன் பெயரை எடுக்கச் சொன்ன பிறகு அதை வைத்திருக்க அவர்களுக்குத் தைரியம் வரவில்லை. சாமி குத்தம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மைக்குப் பயப்படவில்லை, அதற்குப் பயந்தார்கள். வெட்டிய எழுத்தைக் கல்லில் அழிக்க முடியாது. அதனால் பலகையைப் புரட்டிப் பின்பக்கத்தை மெருகேற்றி மற்ற பெயர்களை மறுபடி வெட்டினார்கள். மாமா இல்லை. அவர் இருந்த இடத்தில் நிழற்குடை கட்டிக் கொடுத்த விவரம் வந்திருக்கிறது. பொய் வரி சுவரைப் பார்த்தபடி சிமெண்டுக்குள் இருக்கிறது. மலரிலும் என் இரண்டு பக்கம் வரவில்லை. இடம் போதவில்லை என்று சொன்னார்கள். அந்த இடத்தில் ஒரு பம்ப் விளம்பரம்.

கும்பாபிஷேகத்துக்கு அக்கா போனாள். கோபுரத்துக்குக் கீழே கூட்டத்தோடு நின்று தீர்த்தம் தலையில் பட்டதும் திரும்பிவிட்டாள். மண்டபத்தில் சாப்பிடவில்லை. புளியந்தோட்டத்துக்காரர் காரில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னாராம். நடந்தே போயிக்கறேனுங்க என்றாளாம். நான் போகவில்லை.

இணைய வரைபடத்தில் அந்தப் பெயரை நீக்கச் சொல்லிப் பிழை என்று குறித்து அனுப்பினேன். கடைசியாகப் பார்த்தபோது அது அப்படியேதான் இருந்தது. யாரோ ஒருவர் அதற்கு ஐந்து நட்சத்திரம் போட்டு, அருமையான இடம், குடும்பத்தோடு செல்லலாம் என்று எழுதியிருந்தார்.

இனி கல்லை நம்பிப் பயனில்லை என்று நானே எழுத உட்கார்ந்தேன். மாமா கம்பு நட்ட பனியாறு உண்மையில் எது என்று கண்டுபிடித்தால் அதையாவது சரியாக எழுதிவைக்கலாம். நிலையத்துக்கு இரண்டு பக்கத்திலும் பனியாறுகள் போகின்றன என்பது வரைபடத்தில் தெரிகிறது. கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. இரண்டுக்கும் வேறு வேறு நாட்டார் வைத்த பெயர்கள் இருக்கின்றன. கம்பு நடுவித்த விஞ்ஞானி இப்போது இல்லை. அவருடைய அறிக்கை எங்கே இருக்கிறது என்று கேட்டு இரண்டு முறை எழுதினேன், பதில் வரவில்லை.

அக்காவிடம் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. காலையில் கதவைத் திறந்து வெளியே வந்தால் வலக்கைப் பக்கம் அது இருக்கும் என்று மாமா எப்போதும் சொல்வாராம். சொல்லும்போது வலது கையை நீட்டிக் காட்டுவாராம். அவளும் நீட்டிக் காட்டினாள், அவள் தோப்பில் தண்ணீர்த் தொட்டி இருக்கும் பக்கமாக.

நிலையத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்கள் இருப்பது போட்டோக்களில் தெரிகிறது. மாமா படுத்திருந்த அறைக்குப் பக்கத்து வாசல் எது, அது எந்தத் திசையைப் பார்த்தது என்று எனக்குத் தெரியவில்லை. வடக்கைப் பார்த்ததென்றால் அது கிழக்குப் பனியாறு. தெற்கைப் பார்த்ததென்றால் மேற்குப் பனியாறு. இதை எழுதும் இன்றைய தேதி வரை உறுதி செய்யப்படவில்லை.